சாப்பாட்டுப் பயிற்சிக்கு யார் கையெழுத்துப் போட்டார்கள்?

போன மாதம் எங்கள் மாலைப் படிப்பகத்துக்கு இரண்டு கல்லூரி மாணவிகள் வந்தார்கள். வந்த வேலையை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தயங்கி நின்று, பிறகு கேட்டார்கள்: "அக்கா, ஸ்பெஷல் பி.எட். படிக்கலாம்னு இருக்கோம். நம்ம ஆளுங்களுக்கு அது சரிப்பட்டு வருங்களா?" வேலை கிடைக்குமா என்று மட்டும் கேட்டிருந்தால் அங்கேயே பதில் சொல்லி அனுப்பியிருப்போம். "நம்ம ஆளுங்களுக்கு" என்று சேர்த்துக் கேட்டுவிட்டார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 'சிறப்பாசிரியர்' என்று சொன்னால் பாதிப்பேர் ஓவியம், இசை, உடற்கல்வி, தையல் ஆசிரியர் என்றுதான் புரிந்துகொள்வார்கள். திருப்பூரில் கேட்கவே வேண்டாம். "தையல் டீச்சருக்குப் படிக்கறியா? பவர் டேபிள்ல உக்காந்தா அதைவிட வாரச் சம்பளம் ஜாஸ்தியா வருமே" என்று நம்முடைய சொந்தக்காரர்களே சொல்வார்கள். நாம் பேசுவது அதைப் பற்றியல்ல. அறிவுசார் குறைபாடு, காது கேளாமை, பார்வைக் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம் போன்ற நிலைகளில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பற்றி. அரசு வழக்கில் இவர்களைச் 'சிறப்புப் பயிற்றுநர்' என்கிறார்கள்.

இந்த வேலையைச் செய்யப் பட்டம் மட்டும் போதாது. டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருப்பதுபோல இதற்கும் பதிவு உண்டு. இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டம் 1992-இல் வந்தது. 1993 ஜூன் மாதம் அந்தக் கழகம் சட்டப்பூர்வ அமைப்பானது. ஆர்.சி.ஐ. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அது அங்கீகரித்த படிப்பைப் படித்து, அதன் மையப் பதிவேட்டில் பெயர் ஏறி, பதிவு எண் வாங்கியவர்தான் சிறப்புக் கல்வி ஆசிரியராகப் பணிசெய்யலாம். பதிவில்லாமல் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று அதன் 13-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று கேட்காதீர்கள்.

உரிமம், பதிவு என்றாலே அது நம்மை வெளியே நிறுத்தப் போட்ட கதவு என்று சில தோழர்கள் பேசுகிறார்கள். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிச் செத்தார்கள். அது வேறு துறை, வேறு சட்டம். ஆனாலும் பேச முடியாதவர்களைப் பார்த்துக்கொள்கிறோம் என்று யார் வேண்டுமானாலும் கூரை போட்டுப் பலகை மாட்டலாம் என்றிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். அடி வாங்கினால் வீட்டுக்கு வந்து சொல்லத் தெரியாத பிள்ளைக்குப் பாடம் நடத்துகிறவர் யார், எங்கே படித்தார் என்று பொறுப்புச் சொல்ல ஒரு பதிவேடு இருக்கத்தான் வேண்டும். எங்கள் பிரச்சினை பதிவேட்டோடு இல்லை. அந்தப் பதிவேட்டுக்குப் போகும் வழியில் 'களப்பயிற்சி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அங்கே நடப்பதோடுதான்.

ஒரு தங்கச்சியின் கதையைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். திருப்பூரின் ஓரத்தில் ஓர் அருந்ததியர் குடியிருப்பு. அப்பா துப்புரவு வேலை, அம்மா பனியன் கம்பெனியில் கைமடி. தம்பிக்கு அறிவுசார் குறைபாடு. காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து அம்மா வீடு வர இரவு ஒன்பதாகும். அதனால் தம்பிக்குப் பல் விளக்கிவிட்டது, குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது எல்லாம் இவள்தான். பன்னிரண்டு வயதிலிருந்து. பிளஸ் டூ முடித்ததும் செக்கிங் வேலைக்குப் போனாள். இரண்டு வருஷம் கழித்து நாங்கள் பிடித்து இழுத்து வந்து அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேர்த்தோம். அது முடியும்போது அவளே சொன்னாள், "அக்கா, தம்பி மாதிரிப் பசங்களுக்குச் சொல்லித் தர்ற படிப்பு இருக்காமே."

கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டு வருஷப் படிப்பில் சேர்ந்தாள். எடுத்தது அறிவுசார் குறைபாட்டுப் பிரிவு. தினமும் திருப்பூரிலிருந்து பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் என்றால் அது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்குத்தான். ஊர்விட்டு ஊர் போகும் பஸ்ஸுக்குக் கிடையாது. கூட்டிக் கழித்துப் பார்த்தால், கல்லூரிக் கட்டணத்துக்கு உதவித்தொகை வந்து சேரும் வரை கடன், பஸ்ஸுக்குக் கைக்காசு, சனிக்கிழமைதோறும் கைக்கு வந்துகொண்டிருந்த சம்பளம் போனது தனி. இந்தக் கணக்கை எந்தக் கல்லூரியின் விளம்பரத்திலும் பார்க்க முடியாது.

பாடத்தை அவள் சமாளித்துவிட்டாள். ஆங்கிலம்தான் படுத்தியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் எழுத வேண்டும். 'த சைல்டு வில் பி ஏபிள் டு' என்று தொடங்கி எழுத வேண்டிய வரிகளை ஒரு பழைய டைரியில் வரிசையாக எழுதி மனப்பாடம் செய்தாள். 'பிள்ளை தானாகச் சட்டை மாட்டும்' என்று தமிழில் எழுதினால் எது குறைந்துபோகும் என்று எங்களைக் கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை.

அந்தப் படிப்பில் அவளுக்கு ரொம்பப் பிடித்தது ஒரு மதிப்பீட்டுப் பட்டியல். எம்.டி.பி.எஸ். என்பார்கள். விரித்துச் சொன்னால் அதன் பெயரிலேயே மெட்ராஸ் இருக்கிறது. சென்னையில் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கியது. ஒரு பிள்ளையின் வாழ்க்கையை 18 பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு 20 வீதம் மொத்தம் 360 செயல்கள். சாப்பிடுவது, உடுத்துவது, கழிவறைக்குப் போவது, பேசுவது, எண், காசு, நேரம், வீட்டுவேலை, தொழில் என்று போகும். பிள்ளைக்கு என்ன தெரியாது என்பதோடு நிற்காமல், என்ன தெரியும், அடுத்து எதைத் தொடங்கலாம் என்று பார்க்கச் சொல்லும் பட்டியல் அது. "நான் தம்பிக்குப் பண்ணினது அத்தனையும் இதுல இருக்குதுக்கா, நம்பர் போட்டு வெச்சிருக்காங்க" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

நாங்களும் சமூகவியலில் முதுகலை படிக்கும்போது களப்பணிக்குப் போனவர்கள்தான். எங்கள் களப்பணி நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டு வருவது. இவளுடைய களப்பணியில் பிள்ளையின் உடம்பைத் தொட வேண்டும். தொட்டுத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று எங்களுக்குப் பிறகுதான் உறைத்தது.

பயிற்சிக்கு அவளை ஒரு சிறப்புப் பள்ளிக்கு அனுப்பினார்கள். முதல் நாளே வழக்கமான விசாரணை. எந்த ஊரு, ஊருக்குள்ளேயா வெளியேயா, அப்பா என்ன பண்றார். அப்பாவின் வேலையை அவள் மறைக்கவில்லை. யாரும் சாதிப் பெயரைச் சொல்லவில்லை, முகம் சுளிக்கவில்லை. மூன்றாவது நாள் வழிகாட்டி ஆசிரியை வேலையைப் பிரித்துக் கொடுத்தார். "நீ டாய்லெட் ட்ரெயினிங் பாத்துக்கோம்மா. சாப்பாட்டு நேரத்துக்கு மத்தவங்க இருக்காங்க."

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாராவது செய்துதானே ஆக வேண்டும். ஏழு வயசுப் பையன் ஒருவனை அவளிடம் விட்டார்கள். பேச்சு இல்லை. அரை மணிக்கொரு தரம் கழிவறைக்குக் கூட்டிப்போவாள். ஈரமா, காய்ந்திருக்கிறதா என்று ஓர் அட்டையில் குறிப்பாள். முதல் வாரம் முழுக்க ஈரம்தான். அட்டையைப் பார்த்துப் பார்த்து, அவனுக்கு எந்த நேரத்தில் வருகிறது என்று கண்டுபிடித்தாள். இடைவேளையில் பால் குடித்தால் இருபது நிமிஷம். அந்த நேரத்துக்குச் சரியாகக் கூட்டிப்போனாள். நான்காவது வாரம் ஒரு நாள் அவள் சுவரில் படம் ஒட்டிக்கொண்டிருக்கும்போது அந்தப் பையன் வந்து துப்பட்டாவைப் பிடித்து இழுத்திருக்கிறான். இழுத்துக்கொண்டே கழிவறைப் பக்கம் நடந்திருக்கிறான். அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு எங்களுக்குப் போன் பண்ணி அழுதாள். சந்தோஷத்தில் அழுவதை நாங்கள் அதிகம் கேட்டதில்லை, பயந்துவிட்டோம்.

அந்தப் பையனுக்கே சாப்பாட்டுப் பயிற்சியும் அவளுடைய திட்டத்தில் இருந்தது. விரலால் பிசைந்து எடுத்து, சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோவது. மதியம் அவனோடு போய் உட்காரப் போனபோது ஆயா வந்து நின்றார். டீச்சர் கூப்பிடுகிறார் என்றார். டீச்சரிடம் போனால், "சார்ட் வேலை பாக்கி இருக்குதே, அதை முடிச்சிடேன்" என்றார். அடுத்த நாளும் அதேதான். மூன்றாம் நாள் இவளே நேராகக் கேட்டாள். "தப்பா எடுத்துக்காதம்மா. பேரன்ட்ஸ் சில பேர் ஒரு மாதிரி நினைப்பாங்க" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மதியம் ஆனால் வெளியே திண்ணையில் உட்கார்ந்து சார்ட்டுக்குக் கலர் அடித்தாள்.

அந்தப் பையனின் மலஜலத்தைத் துடைக்க அவள் கை ஆகும். அவன் வாய்க்கு இட்லித் துண்டு கொண்டுபோக அந்தக் கை ஆகாது. அவளுடைய அப்பாவுக்கு இந்த ஊர் கொடுத்திருக்கும் அதே வேலைப் பிரிவினைதான். படித்தவர்கள் நடத்தும் வகுப்பறையில் அது 'ட்ரெயினிங்' என்ற பெயரில் வந்தது, அவ்வளவுதான்.

இனிமேல் சொல்வதுதான் எங்களுக்குக் கஷ்டமானது. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, அதன் 2015 திருத்தம் இரண்டையும் பிரிவு பிரிவாக வகுப்பெடுப்பவர்கள் நாங்கள். அன்றைக்கே மனு எழுதிவிட்டோம். அவள் வேண்டாம் என்றாள். "கையெழுத்து ஆகட்டும்க்கா." களப்பயிற்சிக் கோப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும், ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பீட்டுக்கும் அந்த வழிகாட்டி ஆசிரியை கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் செய்முறைத் தேர்வு இல்லை. தேர்வு இல்லாமல் பட்டம் இல்லை, பட்டம் இல்லாமல் பதிவு எண் இல்லை. இரண்டு வருஷக் கடன் அந்தக் கையெழுத்தில் நிற்கிறது. நாங்கள் மனுவை மடித்து வைத்தோம்.

கையெழுத்து ஆனது. கோப்பை அவள் எங்களிடம் கொண்டுவந்து காட்டினாள். கழிவறைப் பயிற்சிப் பக்கங்களில் கையெழுத்து. சாப்பாட்டுப் பயிற்சிப் பக்கங்களிலும் கையெழுத்து. அவள் நடத்தவே விடாத பன்னிரண்டு பாடங்களுக்கும் தேதி போட்டு, 'நன்று' என்று எழுதிக் கையெழுத்து. அந்த ஆசிரியை அவளுக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பார். கோப்பை யார் எடுத்துப் பார்த்தாலும் அங்கே தீண்டாமை இருந்ததற்கு ஓர் அடையாளமும் கிடைக்காது. இனி மனு கொடுத்தால் பொய்க் கோப்பு சமர்ப்பித்தவள் என்று இவள்மேல் திரும்பும். அன்று நாங்கள் மடித்தது சரியா தவறா என்று எங்களுக்குள் இன்னும் சண்டை நடக்கிறது. எங்களில் ஒருவர் இரண்டு மாதம் பேசாமல்கூட இருந்தார்.

இந்த நேரத்தில் ஜோதிராவ் புலேவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1882-இல் ஹண்டர் கல்விக் குழுவிடம் அவர் கொடுத்த மனுவில், உழைக்கும் குடிகளின் பிள்ளைகளுக்கு அந்தக் குடிகளிலிருந்தே ஆசிரியர்கள் வர வேண்டும், அவர்களால்தான் மக்களோடு ஒட்டிப் பழகித் தேவையைப் புரிந்துகொள்ள முடியும் என்று கேட்டார். இவள் தம்பியை வளர்த்த பத்து வருஷம் எந்தக் கோப்பிலும் ஏறாது. எங்கள் படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பாடு பழக்குகிறாளே, அதற்கும் கையெழுத்துப் போட ஆள் இல்லை. செய்த வேலைக்குக் கையெழுத்து இல்லை. செய்ய விடாத வேலைக்கு 'நன்று'.

பதிவு எண் வந்துவிட்டது. அம்மா அந்தச் சான்றிதழை லேமினேட் பண்ணச் சொன்னார். பண்ணிவிட்டால் பிறகு புதுப்பிக்கும்போது சிக்கலாகுமோ என்று இவள் பயந்து நகலைத்தான் பண்ணினாள். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர் கல்விப் பயிற்சிகளுக்குப் போய்ப் புள்ளி சேர்க்க வேண்டும். அந்தப் பயிற்சிகளுக்குக் கட்டணமும் விடுப்பும் வேண்டும். இப்போது ஒரு சின்னத் தனியார் மையத்தில் வேலை. செக்கிங்கில் ஒன்றரை ஷிப்ட் பார்த்தபோது வந்ததைவிடச் சம்பளம் குறைவு.

அரசு வேலை? சட்டம் நம் பக்கம்தான் நிற்கிறது. 2021 அக்டோபர் 28 அன்று ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதாரணப் பள்ளிகளிலும் சிறப்பு ஆசிரியர்களுக்கு நிரந்தரப் பணியிடம் வேண்டும் என்றது. தொடக்கப் பள்ளியில் 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று ஒன்றிய அரசின் அறிவிப்பு 2022-இல் வந்தது. 2025 மார்ச்சில் அதே வழக்கில் மறுபடியும் மாநிலங்களைக் கூப்பிட்டு, பணியிடங்களைக் கணக்கிட்டு அறிவியுங்கள், ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் தகுதியுள்ளவர்களைக் குழு அமைத்துப் பரிசீலியுங்கள் என்றது. நான்கு வருஷத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது என்பதிலேயே நிலைமை தெரியும். தமிழ்நாட்டில் இந்த வேலை ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் ஒப்பந்தத்தில் ஓடுகிறது. பி.எம். ஸ்ரீ பள்ளிகளுக்குக் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்கான சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது இந்தத் திட்டத்தின் பணம்தான். நிரந்தரப் பணியிடம் வந்தால்தான் இட ஒதுக்கீடு முழுதாக வரும். அருந்ததியருக்கான 3 சதவீத உள் ஒதுக்கீடு 2009-இல் வந்து, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்திலும் நின்றுவிட்டது. பதிவு எண்ணோடு நம் பிள்ளைகள் வரிசையில் தயாராக நிற்காவிட்டால் அந்த இடத்தில் யார் வந்து உட்காருவார்கள் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதனால் அந்த இரண்டு மாணவிகளிடம் படியுங்கள் என்றுதான் சொன்னோம். கூடவே சிலதைச் சொன்னோம். சேரும் முன் அந்தக் கல்லூரியின் அந்தப் பிரிவுக்கு அந்த ஆண்டு ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருக்கிறதா என்று கழகத்தின் பட்டியலிலேயே பாருங்கள். கல்லூரி வாசலில் தொங்கும் பலகையை நம்பாதீர்கள். அங்கீகாரமில்லாத படிப்புக்குப் பணம் கட்டிவிட்டுப் பதிவு கிடைக்காமல் நிற்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். களப்பயிற்சியின் முதல் நாளிலிருந்து உங்களுக்கென்று தனி நோட்டு வையுங்கள். தேதி, நேரம், எந்தப் பிள்ளை, என்ன செய்தோம், எதைச் செய்ய விடவில்லை, யார் என்ன வார்த்தை சொன்னார்கள், எல்லாம் தமிழில் எழுதுங்கள். கோப்பில் கையெழுத்தை வாரா வாரம் வாங்குங்கள், கடைசியில் மொத்தமாக வாங்கக் காத்திருந்தால் அந்தக் கை உங்கள் கழுத்தைப் பிடிக்கும். செய்யாத பாடத்துக்குக் கையெழுத்து வந்தால் அன்றே எங்களைக் கூப்பிடுங்கள். இந்தத் தடவை மனுவை மடிக்க மாட்டோம் என்று சொல்ல வாய் வந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் சொல்லவில்லை.

கல்லூரிகளிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. களப்பயிற்சியை ஒரு நல்ல கட்டடத்துக்குள் மட்டுமே ஏன் தேடுகிறீர்கள்? அப்பா அம்மா ஷிப்டுக்குப் போன பிறகு லைன் வீட்டுக்குள் வெளிப்பக்கம் தாழ் போட்டு விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஒடியாவும் இந்தியும் பேசும் வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு மதிப்பீடே நடந்ததில்லை. வீட்டுவழிக் கல்வி என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்திலேயே இருக்கிறது. அங்கே போய்ச் செய்த மணிக்கணக்கையும் பயிற்சிக் கணக்கில் சேருங்கள். மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியர் லைன் வீட்டுப் படி ஏறி வரட்டும். எங்கள் தெருவுக்கு வந்து கையெழுத்துப் போடட்டும்.

அந்த மாணவிகள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாங்களாகவே வந்தார்கள். எங்கள் தங்கச்சி, ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் ஐந்து வயசுப் பாப்பாவுக்குப் பருப்புச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். அவள் ஊட்டுவதில்லை. பாப்பாவின் கையே வாய் வரை போக வேண்டும். வந்தவர்களில் ஒருத்தி துப்பட்டாவை இடுப்பில் சொருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"கையைப் பிடிக்கட்டுங்களாக்கா?"

"பிடிக்காத கண்ணு. முழங்கைக்கு அடியில தாங்கு. வாய்கிட்டப் போனதும் விட்டுடு, கடைசிக் கொஞ்சத்தை அவளே பண்ணட்டும்."

முதல் கவளம் பாதி மடியில் விழுந்தது. அவள் இன்னொரு கவளம் பிசைந்து வைத்தாள்.